கூட்டுப்புழுச் சாறு

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து, உள்ளூர் விடுமுறையும் அதை ஒட்டி வந்த சனி ஞாயிறும் தீர்ந்து, திங்கட்கிழமை காலையில் ராஜபாளையத்துக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தை உப்பிலி திறந்தபோது, சன்னல் கம்பி முழுக்கப் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. ஃபார்மலின் சீசாக்களின் மேல், எலும்புக்கூட்டின் விலாவில், கரும்பலகையில் வரைந்திருந்த தவளையின் ஜீரண மண்டலத்தின் மேல் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சிறகில் கறுப்புக் கோடு, அடியில் மஞ்சள், ஓரத்தில் குங்குமப் பொட்டு. அவன் விட்டுவிட்டுப் போனபோது அவையெல்லாம் கூட்டுப்புழுக்கள். ஃபிரிட்ஜுக்குள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தவை.

நடந்தது இதுதான். துறையில் இருந்த ஒரே ஃபிரிட்ஜுக்கும் ஒரே பிளக்பாயிண்டுக்கும் பிறப்பிலிருந்தே உறவு. விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் உப்பிலிக்கு அவசரமாகச் சட்டை இஸ்திரி போட வேண்டியிருந்தது. டப்பாவை உள்ளே வைத்தான். கூட்டுப்புழு எங்கே ஓடிவிடப் போகிறது என்று மூடிகூடப் போடவில்லை. கொண்டி உடைந்த ஃபிரிட்ஜ் கதவைச் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டுவது வழக்கம். அதை அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டான். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகினான். காலர் கத்திபோல் நின்றது. அந்தக் காலரின் அழகைக் கண்ணாடியில் பார்த்தபடியே வெளியே போனவன்தான்.

துறைத்தலைவர் பால்சாமி வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன உப்பிலி, புது அட்மிஷனா இவங்கள்லாம்?"

"கரண்ட் போயிருக்கும்போல சார்."

"மூணு நாளும் ஃபேன் கீழ படுத்துக் கெடந்தேன்யா நான். எனக்குப் போகாத கரண்ட் உனக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

சாட்சி மேசைமேலேயே உட்கார்ந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி. அதன் கைப்பிடியிலும் ஒரு பட்டாம்பூச்சி.

பட்டாம்பூச்சி பறந்தால் நல்லதுதானே, எதற்கு முகத்தைத் தொங்கப் போடவேண்டும் என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. முட்டைக்கோஸ் தின்கிற வெள்ளைப் பட்டாம்பூச்சியின் உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது, அது புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று ஜப்பானில் கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புழு கூடு கட்டப்போகிற தறுவாயிலும் கூட்டுப்புழுவான புதிதிலும்தான் அது நிறைய இருக்குமாம். சிறகு முளைத்துப் பறந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆக, சன்னல் கம்பியில் உட்கார்ந்து சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது உப்பிலியின் ஆறு மாத ஆராய்ச்சி.

இந்தச் செய்தி ராஜபாளையத்துக்கு எப்படி வந்தது என்றால், தபாலில். அந்தக் காலத்தில் வெளிநாட்டு விஞ்ஞானிக்கு அச்சடித்த கார்டு ஒன்றைப் போட்டால் போதும், கட்டுரையின் பிரதியை அவரே தம் செலவில் அனுப்பிவைப்பார். டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையில் இருந்த உப்பிலி வருடம் முழுக்கக் கார்டு போட்டான். பாதி, தபால்தலைக்கு ஆசைப்பட்டு. கொக்குப் படம் போட்ட தபால்தலையோடு ஜப்பானிலிருந்து வந்த உறையைப் பிரித்தவன், தபால்தலையைக் கிழிக்க மறந்து கட்டுரையைப் படித்தான்.

முட்டைக்கோஸ் இந்தப் பக்கம் விளைவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டிலோ அது விருந்தாளியாகக்கூட நுழைந்ததில்லை. பெருமாளுக்கு ஆகாத சீமைக்காய் என்று அம்மா வஞ்சுளவல்லி வாசலோடு நிறுத்திவிடுவாள். ஆனால் அந்த ஜப்பான் பூச்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நம் ஊர் மாந்தோப்புகளில் இருக்கிறான். மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியைத் தின்று வளர்கிறவன். ஒரே கோத்திரம், ஆகையால் அவனுக்கும் அந்தப் புரதம் இருக்கலாம் என்பது உப்பிலியின் கணக்கு. இருக்கிறதா என்று பார்க்கச் செல்கள் வேண்டும், மைக்ராஸ்கோப் வேண்டும், அதில் உட்கார்ந்து எண்ண ஒரு பொறுமைசாலி வேண்டும். மூன்றும் தென்காசி சாலையில் ஒரு கிளினிக்கின் மாடிப்படிக்கு அடியில் இருந்தன. பொறுமைசாலியின் பெயர் கிருபாபாய்.

நாசரேத் பக்கத்துக்காரி. அப்பா அங்கே ஒரு கிறிஸ்தவக் கோவிலில் உபதேசியார். கிளினிக்கில் ரத்தம், சர்க்கரை, சளி எல்லாம் பார்த்துச் சொல்வது அவள் வேலை என்று எழுதினால் தப்பு, பார்ப்பாள், சொல்லமாட்டாள். நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் "ரிசல்ட்ட டாக்டர்ட்ட கேளுங்க" என்பதுதான் பதில். அது அந்தத் தொழிலின் ஒழுக்கம். கிருபாபாயிடம் அந்த ஒழுக்கம் லேபைத் தாண்டியும் பரவியிருந்தது. மழை வருமா என்றாலும், பஸ் போய்விட்டதா என்றாலும், உதட்டோரம் ஒரு சிரிப்போடு டாக்டரைக் கேட்கச் சொல்வாள்.

உப்பிலி முதல் நாளே பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தான். கிளினிக்கில் எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டான். ஒரு வாரம் கழித்து அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசை வந்தபோது வழி தெரியவில்லை. அதன்பிறகு எந்தப் பெயருமில்லாமல், தொண்டையைக் கனைத்தே அவளைக் கூப்பிட்டு வந்தான். கிளினிக்கில் அவனுக்கு இருமல் என்று பேச்சு.

மே மாதத்தில் முதல் சோதனை. புற்றுநோய்ச் செல்லுக்கு எங்கே போவது? உப்பிலியின் ரத்தத்திலிருக்கும் வெள்ளை அணுக்களே போதும் என்று முடிவாயிற்று. கூட்டுப்புழுக்களை ஐஸ் மேல் வைத்த சின்னக் கல்வத்தில் அரைத்து, சலைனில் கரைத்து, மெஷினில் வைத்துச் சுற்றித் தெளியவைத்து எடுத்தால் மஞ்சளாய்க் கொஞ்சம் சாறு. அதை வெள்ளை அணுக்களோடு கலந்து ஒரு ராத்திரி வைக்கவேண்டும். உடம்புச் சூட்டிலேயே வைப்பதற்கு இன்குபேட்டர் என்ற பெட்டி வேண்டும் என்றாள் கிருபாபாய். மே மாத ராஜபாளையமே இன்குபேட்டர்தானே என்றான் உப்பிலி.

ஊசி உள்ளே போனது தெரியும். அடுத்து அவனுக்குத் தெரிந்தது தலைக்கு மேலே மாடிப்படியின் அடிப்பக்கம்.

"நான் மயங்கல. தரை எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்றான்.

"பாத்தாச்சுன்னா எந்திரிங்க. பெருக்கணும்."

மயங்கிய ஆளிடமிருந்து ஒரு குழாய்க்குத்தான் ரத்தம் தேறியது. சாறு கலக்காத வெறும் அணுக்களை இன்னொரு குழாயில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். உப்பிலிக்கும் தெரியும். இன்னொரு ஊசி என்று நினைத்ததும் தெரியாமல் போய்விட்டது. மறுநாள் அவள் நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிரோடிருக்கிற செல் அதைத் தொடாது. அவன் குனிந்து பார்த்தான். கண்ட இடமெல்லாம் நீலம்.

"செத்துருச்சு" என்று கத்தியவனைப் பார்த்து, வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர் நெஞ்சில் கை வைத்தார்.

"அப்ப பூச்சில சரக்கு இருக்குதானே?" என்று அவளிடம் கேட்டான் உப்பிலி.

"டாக்டர்ட்ட கேளுங்க" என்றாள் கிருபாபாய், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பால்சாமி கேட்டதும் ஒரே கேள்விதான்: "ஒப்பிட்டுப் பாக்குற குழாய் எங்கய்யா? அது இல்லாட்டி இது ஆராய்ச்சி இல்ல, ரத்ததானம்." மறுபடி செய்யவேண்டும். உப்பிலிக்கு அதில் வருத்தமில்லை. ஆராய்ச்சி நீண்டால் கிளினிக்குக்குப் போகிற சாக்கும் நீளும். வாரம் இரண்டு சாயங்காலம் அந்த மாடிப்படிக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாயத்தைப் பற்றியும் சாற்றைப் பற்றியும் பேசுவதாகச் சொல்லி, கடைசி பஸ் வரைக்கும் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருப்பான். பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் யாராவது துபாய்க்குக் கேட்கிற குரலில் கத்திக்கொண்டிருப்பார்கள். எதிர்க்கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வாசனை வரும். கரண்ட் போனால் அவள் மெழுகுவத்தி ஏற்றுவாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப் பார்க்க முடியாது என்பதால் பேச்சுக்கு இடைஞ்சலே இருக்காது. அந்த வருடங்களின் மின்வெட்டை எல்லாரும் திட்டினார்கள். உப்பிலி ஒருநாளும் திட்டியதில்லை.

தன் மனசிலிருப்பதை அவளிடம் அவன் சொல்லாமலில்லை. சொன்னான், எப்போதும் வேடிக்கையாக.

"எங்க அம்மா ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஜாதகம் வரவழைக்கிறா. நான் பேசாம உங்களையே கட்டிக்கிறேன்னு சொல்லிடட்டுமா?"

"முட்டைக்கோஸே ஏறாத வீடுன்னு நீங்கதான சொன்னீங்க சார். அதுக்குப் பொறவுதான் நாங்கல்லாம். வரிசையில வாரோம்."

இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அந்தக் கேள்வி எங்கே போயிற்று என்று தெரியாது.

வீட்டிலும் அதே கதைதான். ஆடிப்பூரத்தன்று தேர் பார்த்துவிட்டு வந்து ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த வஞ்சுளவல்லி, "கூட்டுக்குள்ள தூங்கறதப் போய் அரைக்கறியாமேடா?" என்றாள்.

"நான் அரைக்கலம்மா. கல்வம் அரைக்கறது."

"எதுக்கெடுத்தாலும் ஒரு இளிப்பு. அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணப் பத்தி என்னதான் சொல்றே?"

"அந்தப் பொண்ணு பாவம்மா. அது என்ன தப்பு பண்ணித்து?"

அம்மாவும் கடைசியில் சிரித்துவிட்டாள். ஆனால் மடியில் பிரித்து வைத்திருந்த பஞ்சாங்கத்தை மூடவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் சன்னல் கம்பி முழுக்கப் பட்டாம்பூச்சி. அன்று சாயங்காலம் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னான். கிருபாபாய் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஊசிகளைக் கொதிநீரில் போட்டபடியே கேட்டாள்:

"அடுத்த புழு எப்ப வரும்?"

"ஐப்பசில மழைக்கப்புறம் நிறைய வரும். ஏன்?"

"நாகர்கோவில்ல ஒரு இடம் சொல்லியிருக்காங்க. சர்வே ஆபீஸ்ல வேலை. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு. கிறிஸ்மஸுக்குள்ள முடிக்கணும்ங்கிறாங்க."

உப்பிலி தொண்டையைக் கனைத்தான். "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றான்.

"டாக்டர்ட்ட கேளுங்க" என்றாள். இந்தத் தடவை உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

ஐப்பசிக்கு முன்னால் இன்னொரு இடி. மம்சாபுரத்தில் அவன் புழு எடுக்கிற மாந்தோப்பு சங்கிலிப்பாண்டியுடையது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். புரட்டாசிக் கடைசியில் உப்பிலி போனபோது அவர் மரம் மரமாக ஆள் ஏற்றிப் புல்லுருவியை வெட்டிக்கொண்டிருந்தார். காய்ப்பு முடிந்தபின் வருடா வருடம் நடக்கிற வேலைதான்.

"ஒரே ஒரு மரத்த மட்டும் விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினான் உப்பிலி.

"நல்லாருக்கே கத. மரத்த உறிஞ்சிக் குடிக்கித சனியன். எதிரியப் பிடிச்சுச் சோறு போட்டு வளக்கச் சொல்லுதீங்க."

"அதுலதான் என் புழு இருக்கு."

"புழுவ வச்சு என்ன பண்ணுவீங்க?"

"புத்துநோய்க்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தவனைச் சங்கிலிப்பாண்டி ஏற இறங்கப் பார்த்தார். மம்சாபுரம் தோப்புக்குப் புழு எடுக்க வருகிறவன் மடிப்புக் கலையாத சட்டையோடு வருவானா என்று அந்தப் பார்வை கேட்டது.

"ஏலே வேலுசாமி, எறங்கு. அந்தக் கடேசி மரத்த விட்டுரு" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு உப்பிலியிடம், "பட்டாளத்துல ஒரு பழக்கம் உண்டு வாத்தியாரய்யா. கேட்டா நேராக் கேக்கணும், சொன்னா நேராச் சொல்லணும். உங்க மொகத்துல பூச்சியும் இல்ல, புத்துநோயும் இல்ல. எம்புட்டு நாளைக்குத்தான் மரத்தச் சுத்துவீங்க?" என்றார்.

உப்பிலி சிரித்து மழுப்பினான். ஆனால் பஸ்ஸில் வரும்போது சன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான்.

மழை வந்தது. கடைசி மரத்தின் புல்லுருவியில் புழுக்கள் வரிசை கட்டின. வெள்ளை மயிரோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் ஒன்றாகவே தின்று ஒன்றாகவே நகர்ந்தன. ஒரு நாள் காலையில் எல்லாம் மஞ்சள் கூட்டுப்புழுக்களாகத் தொங்கின. உப்பிலி இந்தத் தடவை டப்பாவுக்கு மூடி போட்டான், டியூபைக் கட்டினான், பிளக்பாயிண்டின் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டினான். அதைப் படிக்கவேண்டிய ஆள் தான் ஒருவன்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

மூன்று குழாய்கள். ஒன்றில் வெறும் சலைன். ஒன்றில் சாறு. இன்னொன்றில் கொதிக்கவைத்த சாறு. கொதித்தால் புரதம் கெட்டுப்போகும், ஆகையால் அதில் செல் பிழைக்கவேண்டும். இரண்டாவதில் மட்டும் செத்து மற்ற இரண்டிலும் உயிரோடிருந்தால், மம்சாபுரத்துப் பூச்சியும் ஜப்பான் பூச்சியும் சொந்தம்தான். மூன்று குழாய்க்கும் ரத்தம் கொடுத்தான். மயங்கவில்லை. எதிர்ச்சுவர்க் காலண்டரில் நல்ல மேய்ப்பரின் கையிலிருந்த ஆட்டுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் வெளியே தூறல். பெஞ்சில் யாருமில்லை. கிருபாபாய் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துச் சாயம் விட்டுப் பார்த்தாள். அவசரமில்லாமல் மூன்றையும் திரும்ப ஒருமுறை பார்த்தாள். உப்பிலி ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் பின்னலின் நுனியில் கட்டியிருந்த கறுப்பு ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மூன்று சொட்டுகளோடு ஆராய்ச்சி முடிகிறது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் நாளையிலிருந்து இந்த ஸ்டூலுக்கு அவன் வருவதற்கு ஒரு காரணமுமில்லை.

அவள் நிமிர்ந்தாள். டாக்டரைக் கேட்கச் சொல்வாள் என்று காத்திருந்தான்.

"மூணுலயும் செத்துப்போச்சு சார்."

"மூணுலயுமா?"

"சும்மா சலைன் ஊத்துனதுலயும் நீலம்தான். உங்க பூச்சி கொல்லல. ரத்தத்த வெளிய எடுத்து இம்புட்டு நேரம் இப்படி வச்சா அது தானாவே செத்துரும். அத உயிரோட வச்சிருக்கித வசதி இங்க கெடையாது. மே மாசம் செத்ததும் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப பூச்சில ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கலாம். ஜப்பான்காரங்க வந்து பாத்தா தெரியும். நம்மளால ஏலாது."

உப்பிலி எழுந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தான். நீலம்தான்.

"மே மாசமே உங்களுக்குத் தெரியுமா?"

"பாதி தெரியும்."

"சொல்லியிருக்கலாமே. என் ரத்தம் என்ன குழாய்த் தண்ணியா?"

"டாக்டர்ட்ட கேளுங்கன்னா, அதுக்கு மேல நீங்க என்னைக்கு நின்னு கேட்டீங்க? வருவீங்க, கடேசி பஸ் வரைக்கும் பேசுவீங்க, ஒரு ஜோக் அடிப்பீங்க, நான் சிரிச்சு முடிக்கதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சும்பீங்க."

உப்பிலியின் நாக்கில் இரண்டு மூன்று வேடிக்கைகள் வந்து நின்றன. ஒன்று மிகவும் நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னால் அவள் சிரிப்பாள், அவனும் சிரிப்பான், மழை விட்டதும் பஸ் ஏறிவிடலாம். டிசம்பரில் நாகர்கோவிலுக்கு ஒரு பரிசுப் பொட்டலத்தோடு போய் நிற்கலாம். அதை விழுங்கினான். விழுங்குவது ஊசியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கிருபா" என்றான். கனைப்பில்லாமல் முதல் தடவையாக அவள் பெயர். "எனக்கு உங்களக் கல்யாணம் பண்ணிக்கணும். வேடிக்கைக்குச் சொல்லல. நாகர்கோவிலுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அவள் கண்ணாடி ஸ்லைடுகளைக் குழாயடியில் கழுவினாள். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டியை மூடிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்னு போன வாரமே எஸ்.டி.டி. போட்டு அப்பாட்ட சொல்லிட்டேன். அவங்க இன்னும் என்கூடப் பேசல. உங்களுக்காகத்தான் சொன்னேன். எனக்குச் சம்மதம். உங்க அம்மாட்ட நீங்கதான் சொல்லணும், சிரிக்காமச் சொல்லணும். நானும் கூட வாரேன். வாசல்ல நிக்கேன். அவங்க கூப்பிட்டாத்தான் உள்ள வருவேன்."